டெவன் கிளைப்பாதையை நாலடிப் பலகையில் அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் ரயில் செய்யப்போகிறேன் என்று யாராவது வந்து சொன்னால், அவர்கள் முதலில் கேட்பது எந்த இஞ்சினை வாங்கலாம் என்பதைத்தான். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தின் கிராமப்புறத்தைக் காட்ட வேண்டும் என்றால் இஞ்சினைக் கடைசியில் வாங்கினாலும் குறையில்லை. வயலும் வேலியும் பல நூறு வருஷம் அங்கே இருந்தவை. ரயில் பிறகு வந்து அவற்றை வெட்டிக்கொண்டு போனது. பலகையில் அந்த வரிசை தெரிய வேண்டும். கீழே இருப்பவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளும் என் பதில்களும்.

பொதுவாக ஒரு "இங்கிலாந்துக் கிராமம்" செய்தால் போதாதா? ஏன் ஒரே ஊரைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறீர்கள்?

பொதுவான இங்கிலாந்துக் கிராமம் என்று ஒன்று கிடையாது. காட்ஸ்வோல்ட் பக்கம் வீடுகள் தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கும். சசெக்ஸில் சிக்கிமுக்கிக் கல் பதித்த சுவர்கள். யார்க்‌ஷர் டேல்ஸில் வயலுக்கு வயல் சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்தான் எல்லை. தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனில் மண்ணைக் கரையாக உயர்த்தி, பக்கத்தில் கல் பதித்து, மேலே செடி வளர்த்திருப்பார்கள். நடுவே போகும் சந்து பள்ளமாக இறங்கி, வண்டியில் போகிறவருக்கு வயலே தெரியாது. நாலு ஊரிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒட்டினால் கேக் டப்பா மேலே அச்சடித்த படம் மாதிரி வரும். அழகாக இருக்கலாம், ஆனால் யாருடைய ஊராகவும் இருக்காது.

நான் எடுத்துக்கொண்டது டெவனில் டாட்னெஸிலிருந்து ஆஷ்பர்ட்டன் வரை போன கிளைப்பாதை. சுமார் ஒன்பதரை மைல். 1872-ல் திறந்தார்கள். டார்ட் ஆற்றை ஒட்டிப் போகும். நடுவில் ஸ்டேவர்ட்டன், பக்ஃபாஸ்ட்லீ என்று இரண்டு ஸ்டேஷன். கடைசியில் ஆஷ்பர்ட்டனில் ஒரே பிளாட்பாரம், அதன் மேல் தண்டவாளத்தையும் சேர்த்து மூடும் மரக்கூரை, பக்கத்தில் கூட்ஸ் ஷெட், ஒரு சின்ன இஞ்சின் ஷெட். பக்ஃபாஸ்ட்லீயில் கம்பளி ஆலைகள். ஆஷ்பர்ட்டன் சந்தை நாட்களில் ஆடுமாடு ஏற்றும் வேலை. இவ்வளவு விஷயம் இவ்வளவு சிறிய இடத்தில் இருப்பதால்தான் மாடல் செய்பவர்கள் பல தலைமுறையாக இந்த ஊரைச் சுற்றி வருகிறார்கள்.

1958 நவம்பரில் பயணிகள் ரயில் நின்றது, 1962-ல் சரக்கும் நின்றது. டாட்னெஸிலிருந்து பக்ஃபாஸ்ட்லீ வரையிலான பகுதியை ஆர்வலர்கள் மீட்டு 1969-ல் மறுபடி ஓட்டினார்கள். அதை முறைப்படி திறந்துவைத்தவர் டாக்டர் பீச்சிங். பிரிட்டிஷ் ரயில்வேஸ் தலைவராக இருந்து, 1963 அறிக்கையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்ன அதே பீச்சிங். பக்ஃபாஸ்ட்லீக்கு அப்பால் பாதை இருந்த இடத்தின் ஒரு பகுதியில் இன்று ஏ38 நெடுஞ்சாலை ஓடுகிறது. பாதையின் பெரும்பகுதியை இன்றும் ரயிலில் உட்கார்ந்து பார்க்கலாம், மீதியை மாடலில்தான் பார்க்க முடியும் என்பது எனக்கு இந்த ஊரின் மேல் பிடிப்பு வந்ததற்கு இன்னொரு காரணம்.

அப்படியே அளந்து செய்யத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். ஊருக்குக் கற்பனைப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள், தண்டவாளத்தை உங்கள் அறைக்கு ஏற்றபடி மாற்றுங்கள். ஆனால் கல், மண், வேலி, கூரை எல்லாம் ஒரே பகுதியிலிருந்து வரட்டும்.

வருஷமும் முடிவு செய்ய வேண்டுமா?

கட்டாயம். பலர் கம்பெனியை மட்டும் முடிவு செய்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். 1923-ல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகளைப் பெரிய நான்காகத் தொகுத்தார்கள்: கிரேட் வெஸ்டர்ன் (ஆஷ்பர்ட்டன் பாதை இவர்களுடையது), எல்எம்எஸ், எல்என்இஆர், சதர்ன். 1948 ஜனவரி 1-ல் எல்லாம் அரசுடைமையாகி பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆனது. இது எல்லாருக்கும் தெரியும். வயலுக்கும் வருஷம் உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறோம்.

நான் 1935 கோடைக்காலத்தை எடுத்தேன். அதனால் என்னென்ன மாறுகிறது பாருங்கள். வைக்கோல் உருளைகள் கிடையாது. அந்தப் பெரிய உருண்டைக் கட்டுகள் 1970-களில் வந்தவை. 1935-ல் வைக்கோல் போர்தான், மேலே கூரை மாதிரி வேய்ந்திருக்கும். மஞ்சள் பூ பூத்த கடுகு இன வயல்கள் இன்று இங்கிலாந்து முழுக்க இருக்கின்றன, அன்று இல்லை. ஏர் இழுப்பது பெரும்பாலும் குதிரை. கறுப்பு வெள்ளை மாடுகளைக் கூட்டமாக நிறுத்தக் கூடாது. அவை போருக்குப் பிறகுதான் பெருகின. டெவனில் அன்று மேய்ந்தவை செம்பழுப்பு மாடுகள். கிராமத்து மூலையில் எல்லாரும் வைக்கும் சிவப்பு டெலிபோன் கூண்டு, அந்தப் பழகிய வடிவத்தில், 1936-க்குப் பிறகுதான் ஊர் ஊராக வந்தது. எனக்கு அந்தக் கூண்டு ரொம்பப் பிடிக்கும். ஒரு வருஷம் முந்திப் போய்விட்டதால் வைக்கவில்லை.

இன்னொன்று எல்ம் மரம். அதை மரங்கள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஓஓ, ஹெச்ஓ, 'என்' கேஜ் என்கிறார்களே, எதை எடுப்பது?

பிரிட்டிஷ் ரயில் செய்வதென்றால் பெரும்பாலானவர்கள் ஓஓ அளவில்தான் செய்கிறார்கள். ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர், அதாவது சுமார் 1:76. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. இதில் ஒரு பழைய பிழை ஒளிந்திருக்கிறது. நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம், 4 மி.மீ. கணக்கில் அது 18.83 மி.மீ. வர வேண்டும். 16.5 என்பது 3.5 மி.மீ. அளவான ஹெச்ஓவுக்குப் பொருந்தும் அகலம். பிரிட்டனின் சுரங்கங்களும் பாலங்களும் குறுகல் என்பதால் இஞ்சின்களும் ஐரோப்பிய இஞ்சின்களைவிடச் சிறியவை. அந்தக் காலத்து மோட்டார் 3.5 மி.மீ. அளவு பிரிட்டிஷ் இஞ்சினுக்குள் அடங்காது. அதனால் உடலை மட்டும் பெரிதாக்கி, தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். 1938-ல் ஹார்ன்பி டப்ளோ என்ற பொம்மை ரயில் வரிசை வந்தபோது அதுவே வழக்கமாக நிலைத்துவிட்டது. இன்றும் ஓஓ தண்டவாளம், கணக்குப்படி பார்த்தால், ஏழு அங்குலம் குறுகல்.

இது கண்ணை உறுத்துகிறது என்பவர்கள் 18.2 மி.மீ. அகல இஎம் கேஜுக்கோ, 18.83 மி.மீ. அகல பி4-க்கோ போகிறார்கள். சக்கரத்தை மாற்ற வேண்டும், பாயிண்ட்ஸை (தடம் பிரியும் இடத்தை) பெரும்பாலும் கையால் கட்ட வேண்டும். அதில் கிடைக்கும் நிறைவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் ரயிலுக்கு ஓஓ போதும். தண்டவாளத்துக்கு நல்ல நிறம் அடித்து, ஜல்லி போட்டு, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அகலக் குறைவு அவ்வளவு தெரியாது.

'என்' கேஜ் 1:148, தண்டவாளம் 9 மி.மீ. ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் காட்டி, அதற்குள் ரயில் சின்னதாக ஊர்ந்து போக வேண்டும் என்பவர்களுக்கு அதுதான் சரி. வேலியையும் கேட்டையும் பால் கேனையும் நெருங்கிப் பார்க்க ஆசை என்றால் ஓஓ.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு கணக்கு சொல்கிறேன். ஓஓ அளவில் ஒரு மைல் என்பது 21 மீட்டருக்கும் கொஞ்சம் மேல். ஆஷ்பர்ட்டன் பாதை முழுவதையும் அளவு பிசகாமல் வைத்தால் 200 மீட்டர் நீளம் வேண்டும். ஆக, யாருடைய வீட்டிலும் எதுவும் முழுதாக அடங்காது. எதை விடுவது என்பதுதான் கேள்வி.

கிளைப்பாதையின் வசதி இங்கேதான். தண்ணீரையும் கரியையும் தன்மேலேயே சுமக்கும் சின்ன டேங்க் இஞ்சினும் ஒரு பெட்டியும் சேர்ந்தால் சுமார் 37 செ.மீ. அதுதான் முழு ரயில். நாலடிக்கு ரெண்டடிப் பலகை மூன்று இருந்தால், இரண்டில் ஸ்டேஷனும் வயலும், மூன்றாவதில் ஃபிடில் யார்டு. ஃபிடில் யார்டு என்பது மறைவிடம். ரயில் அங்கே போனால் டாட்னெஸுக்குப் போய்விட்டதாக அர்த்தம். கையால் வண்டிகளை மாற்றி அடுக்கித் திருப்பி அனுப்பலாம். ஸ்டேஷன் பக்கமிருந்து பார்த்தால் ரயில் ஒரு சாலைப் பாலத்துக்கு அடியிலோ மரக்கூட்டத்துக்குப் பின்னாலோ போய் மறையும்.

வட்டமாக ஓடவிடக் கூடாதா?

விடலாம். சும்மா உட்கார்ந்து ரயில் ஓடுவதைப் பார்ப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் வளைவுத் துண்டுகளின் ஆரம் 371 அல்லது 438 மி.மீ. மாதிரிதான் இருக்கும். நிஜத்தில் எந்த ரயிலும் அவ்வளவு சட்டென்று திரும்பாது. வளைவை எல்லாம் பின்னால் மறைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் வளைவு 90 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பலகை எதில் செய்வது?

9 மி.மீ. பிளைவுட், அடியில் மரச்சட்டம். சட்டத்தையும் 9 மி.மீ. பிளைவுட்டிலேயே பட்டையாக அறுத்துச் செய்தால் எடை குறையும், முறுக்காது. நான் முதலில் மலிவான அட்டைப்பலகையில் செய்தேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் நடுவில் தொய்ந்து, கூட்ஸ் வண்டி தானாகவே பள்ளத்துக்கு ஓடி நின்றது. லண்டன் வீட்டுப் பரண் அறையானாலும் சென்னை மொட்டைமாடி அறையானாலும் ஈரமும் வெப்பமும் ஏறி இறங்கும் இடத்தில் மரம் நகரும். அதனால் மேல், கீழ், ஓரம் எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்து மூடிவிடுங்கள். தண்டவாள இணைப்புகளில் மெல்லிய இடைவெளி விடுங்கள்.

முக்கியமானது இது: பலகையை முழுத் தட்டையாக மூடாதீர்கள். தண்டவாளம் போகும் பட்டையை மட்டும் பிளைவுட்டில் வைத்து, இருபக்கமும் திறந்துவிட்டால் நிலம் தண்டவாளத்துக்குக் கீழேயும் இறங்கும், மேலேயும் ஏறும்.

தண்டவாளத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

டெவனிலேயே, பியர் என்ற கடலோர ஊரில் இருக்கும் பீகோ கம்பெனியின் தண்டவாளம்தான் பெரும்பாலும் கிடைக்கும். வளைத்துப் போடும் கஜ நீளத் துண்டுகளாக வாங்குங்கள். அவர்களுடைய பழைய வரிசையில் ஸ்லீப்பர் கட்டைகள் ஹெச்ஓ அளவு. குட்டையாகவும் நெருக்கமாகவும் இருக்கும். பிரிட்டனின் பழைய புல்ஹெட் தண்டவாளத்தைப் பார்த்து ஓஓவுக்கென்று செய்த வரிசை பிறகு வந்தது. பார்வைக்குத் தெரியும் இடத்தில் அதைப் போடுங்கள், ஃபிடில் யார்டில் பழையது போதும்.

பாயிண்ட்ஸ் வைக்கும்போது அன்றைய இஞ்சினியர் மாதிரி யோசிக்க வேண்டும். ரயில் வேகமாக வரும் திசையில் பிரியும் பாயிண்ட்ஸை அவர்கள் முடிந்தவரை தவிர்ப்பார்கள். தவிர்க்க முடியாவிட்டால் அதற்குப் பூட்டு போட வேண்டும். அதனால் சைடிங்குகள் (வண்டிகளை நிறுத்தும் பக்கத்தடங்கள்) பெரும்பாலும் ரயில் தாண்டிப் போய்ப் பின்னால் வந்து நுழையும்படிதான் இருக்கும். அப்புறம், சைடிங் பயணிகள் பாதையில் சேரும் இடத்தில் ஒரு டிராப் பாயிண்ட் இருக்கும். கட்டு இல்லாமல் உருண்டு வரும் வேகன் பாதைக்குள் போகாமல் அங்கேயே தடம் புரள வைப்பதற்கு. அது வேலை செய்ய வேண்டியதில்லை, பார்வைக்கு இரண்டு நாக்குத் துண்டை வைத்தாலே போதும். ஆனால் அது இல்லாத கூட்ஸ் யார்டைப் பார்த்தால் விஷயம் தெரிந்தவர் கண் அங்கேயே நிற்கும்.

ஜல்லியைக் காய்ந்த நிலையில் தூவி, தூரிகையால் ஒதுக்கி, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு கலந்த தண்ணீரைத் தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்த ஃபெவிகாலைச் சொட்டு மருந்துக் குழாயால் விட வேண்டும். ஒரு நாள் தொடாதீர்கள். தண்டவாளத்தின் பக்கவாட்டுக்குத் துருப் பழுப்பு. சைடிங்குகளில் ஜல்லி வேண்டாம். சாம்பலும் மண்ணும் ஸ்லீப்பர் கட்டையின் தலை வரை ஏறியிருக்கும்.

மின்சாரம்? டிசிசி வேண்டுமா?

ஒரே இஞ்சின் ஓடும் கிளைப்பாதைக்குச் சாதாரண 12 வோல்ட் டிசி போதும். சத்தமும் விளக்கும் வேண்டும் என்றால் டிசிசி, அதாவது தண்டவாளம் வழியாக இஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை. எதுவானாலும் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனியாக ஒயர் இறக்குங்கள்; இணைப்புத் தகடுகளை நம்பாதீர்கள்.

நிலத்தை எப்படி உருவாக்குவது? என்னுடையது எப்போதும் பலகைமேல் பச்சைத் துணி விரித்த மாதிரி வருகிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

தண்டவாளம் போடும் முன்பு, ரயில் வராத காலத்தில் அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு தாளில் வரையுங்கள். மலைச்சரிவு எந்தப் பக்கம், ஓடை எந்தப் பக்கம், பழைய சந்து எப்படி வளைந்து போனது, வயல் எல்லை எங்கே. பிறகு அதன் மேல் தண்டவாளத்தை ஒரு கோடாகப் போடுங்கள். கோடு மேட்டில் மோதும் இடத்தில் வெட்டுப்பள்ளம் வரும். பள்ளத்தைத் தாண்டும் இடத்தில் மண்கரை வரும். வயல் வேலி தண்டவாளத்தில் வந்து முட்டி நிற்கும், அந்தப் பக்கம் அதே கோட்டில் மறுபடி தொடங்கும். பழைய வயல் ஒன்று இரண்டாக வெட்டுப்பட்டு, முக்கோணமாக ஒரு மூலை மிஞ்சி, யாரும் உழாமல் முள் மண்டிக் கிடக்கும். விவசாயி தன் மாட்டை அந்தப் பக்கம் ஓட்ட ஒரு கேட், அல்லது தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சின்னப் பாலம் கேட்டு வாங்கியிருப்பார். இதில் ஒன்றை மட்டும் செய்தாலும் பார்ப்பவருக்கு உடனே புரியும், நிலம் முதலில், ரயில் பிறகு என்று.

தண்டவாளம் பலகையின் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டாம். கொஞ்சம் சாய்வாகப் போனால் நிலத்தில் அது செருகப்பட்டது போலத் தெரியும். ஸ்டேஷன் கட்டடமும் ஊரும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டாம். ஊர்ச் சந்து ஸ்டேஷனைவிடப் பழையது, அது தன் போக்கில்தான் போகும்.

செய்முறை எளிது. தெர்மாகோலையோ கெட்டியான ஃபோம் பலகையையோ அடுக்கி, கத்தியால் சரித்து, மேலே ஃபெவிகால் தோய்த்த காகிதப் பட்டைகளை இரண்டு மூன்று அடுக்கு. காய்ந்ததும் மண் நிறப் பெயின்ட். டெவனின் பல பகுதிகளில் மண் நல்ல சிவப்பு, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. நீங்கள் எடுத்த ஊரின் உழுத வயல் படத்தைப் பார்த்து நிறம் கலக்குங்கள்.

புல்லுக்கு எந்தப் பச்சை?

எந்தப் பாக்கெட்டிலும் சரியான பச்சை இல்லை. மூன்றைக் கலக்க வேண்டும்: ஒரு மங்கிய பச்சை, ஒரு மஞ்சள் கலந்த பச்சை, ஒரு வைக்கோல் நிறம். இங்கிலாந்தின் பசுமை படத்தில் பார்க்கும்போது பளிச்சென்று தெரிந்தாலும், அறை விளக்கில் அதே நிறத்தை வைத்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். கொஞ்சம் சாம்பலும் வெளுப்பும் சேர்க்க வேண்டும். முக்கியமாக, விளக்கை முதலில் மாட்டிவிட்டு அந்த வெளிச்சத்தில் நிறம் கலக்குங்கள். நான் பகல் வெளிச்சத்தில் கலந்து, இரவு பல்பைப் போட்டதும் வயல் முழுக்க மஞ்சளாகத் தெரிந்து, பாதியைச் சுரண்டி எடுத்தேன்.

புல்லை நிறுத்துவதற்கு ஸ்டாட்டிக் கிராஸ் கருவி. நைலான் இழைகளை அது மின்னூட்டி விடுகிறது. ஒரு கம்பியை ஈரப் பசையில் குத்தி வைத்தால் இழைகள் விழும்போது நட்டமாக நிற்கும். ஆடு மேய்ந்த வயலுக்கு 2 மி.மீ. இழை. ரயில் கரையில் 4, அதன் மேல் ஆங்காங்கே 6. கண்டபடி ஒரே உயரமாகப் போட்டால் கம்பளம் ஆகிவிடும். ரயில் கரையை அன்று பராமரிப்பு ஆட்கள் அரிவாளால் வெட்டி வைத்திருப்பார்கள். நீராவி இஞ்சினின் பொறி பட்டுக் காய்ந்த புல் தீப்பிடிக்கும் என்பதால். ஆகவே 1935-ல் கரைமேல் மரங்கள் இருக்காது. இன்று போய்ப் பார்த்தால் அதே கரைகள் காடாக நிற்கின்றன. இன்றைய போட்டோவைப் பார்த்து அன்றைய மாடலைச் செய்யும்போது இந்த ஒன்று பலரையும் தவறவிட வைக்கிறது.

மரமும் வேலியும் எப்படி?

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 50 அடி ஓக் மரம் ஓஓ அளவில் 20 செ.மீ. நன்கு வளர்ந்த எல்ம் 100 அடி போகும். அது 40 செ.மீ. கடையில் விற்கும் 8 செ.மீ. மரங்கள் இஞ்சின் பக்கத்தில் புதர் மாதிரி இருக்கும். பத்துச் சின்ன மரத்தைவிட ஒரு பெரிய மரம் மேல். ஸ்டேஷன் கட்டடம் அதன் கீழே ஒடுங்கி நிற்கட்டும்.

எல்ம் இல்லாமல் 1935-ன் தென் இங்கிலாந்து இல்லை. வயல் வேலிகளில் வரிசையாக, மேகம் அடுக்கியது போன்ற உச்சியோடு நின்ற மரம் அது. 1960-களின் கடைசியில் கடுமையான ஒரு பூஞ்சை நோய் வந்தது. மரப்பட்டைக்குள் வாழும் வண்டுகள் அதைப் பரப்பின. இரண்டு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. இன்று அந்த ஊர்களில் நடந்தாலும் பெரிய எல்ம் ஒன்றைக்கூடப் பார்க்க முடிவது அரிது. பழைய ரயில் படங்களில் பின்னணியில் நிற்பவற்றைப் பார்த்துத்தான் நான் செய்தேன். மொத்த மாடலில் எனக்கு அதிக நாள் எடுத்தவை அந்த நாலு மரங்கள்தான்.

வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய பல இழைச் செம்புக் கம்பியை உரித்து முறுக்கி, கிளை கிளையாகப் பிரித்து, ஃபெவிகாலும் பட்டியும் குழைத்துப் பூசினால் நல்ல அடிமரம் கிடைக்கும். மரத்தண்டு காப்பி நிறம் அல்ல. அந்த ஈர ஊரில் பாசி ஏறிச் சாம்பல் பச்சையாக இருக்கும். கிளைகளில் மெல்லிய செயற்கை இழையைப் பிய்த்துப் போட்டு, மேலே இலைத்தூள். இலைகளுக்கு நடுவே வானம் தெரிய வேண்டும்.

வேலிக்கு இங்கிலாந்தில் பழைய சோபாக்களுக்குள் இருக்கும் ரப்பர் பூசிய குதிரைமயிரைக் கிழித்துப் பயன்படுத்துவார்கள். நம் ஊர் மெத்தைகளில் வரும் ரப்பர் பூசிய தேங்காய் நார் அதற்கு நல்ல மாற்று. பட்டையாக வெட்டி, விளிம்பு தெரியாமல் பிய்த்து, அடியில் கொஞ்சம் மெலிதாக்கி, இலைத்தூள் போடுங்கள். மாதத்தையும் நினைவில் வையுங்கள். மே மாதம் என்றால் ஹாதார்ன் செடி முழுக்க வெள்ளைப் பூ. கோடை முற்றிய மாதம் என்றால் வெறும் அடர்ந்த பச்சை. வைக்கோல் அறுத்த வயல் வெளிறித் தெரியும்.

கட்டடங்கள்?

மெட்கால்ஃப், சூப்பர்குவிக் அட்டைக் கிட்டுகளும், ராஷியோ, வில்ஸ் பிளாஸ்டிக் கிட்டுகளும் நல்லவை. கிட்டை அப்படியே வைத்தால் யார் பார்த்தாலும் அது கிட் என்று தெரியும். கூரையையாவது உங்கள் ஊருக்கு மாற்றுங்கள். ஆஷ்பர்ட்டனில் பல வீடுகளின் முன்சுவரிலேயே ஸ்லேட் ஓடு அடித்திருக்கும். அதை மெல்லிய காகிதப் பட்டைகளில் வெட்டி ஒட்டினேன். கட்டடத்தை நிலத்தின்மேல் வைக்காமல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே இறக்குங்கள். அடியில் ஒரு நூலளவு வெளிச்சம் தெரிந்தாலும் எல்லா உழைப்பும் போய்விடும்.

கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷன் மரவேலைகளுக்கு இரண்டு கல் நிறம் அடிப்பார்கள், ஒன்று வெளிர், ஒன்று அடர்.

சரி, இப்போதாவது இஞ்சினைச் சொல்லுங்கள்.

1932-ல் கிரேட் வெஸ்டர்னின் தலைமை இஞ்சினியர் காலெட் வடிவமைத்த 4800 வரிசை டேங்க் இஞ்சின், கூட ஒரு ஆட்டோகோச். 1946-ல் எண் மாற்றி அதை 1400 வரிசை என்றார்கள். டப்பாவில் அந்தப் பெயர்தான் இருக்கும். 1935 என்றால் எண்ணைக் கவனியுங்கள். ஆட்டோகோச்சின் அழகு, திரும்பும்போது இஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். டிரைவர் பெட்டியின் முன்முனையில் நின்று ஓட்டுவார், ஃபயர்மேன் மட்டும் இஞ்சினில் இருப்பார். பயணிகள் ரயிலுக்கு இஞ்சினைக் கழற்றிச் சுற்றி மாட்டும் வேலையே இல்லை. சரக்குக்கு 5700 வரிசை பேனியர் டேங்க், இருபக்கமும் தண்ணீர்த் தொட்டி தொங்கும் இஞ்சின். மொத்தம் 863 இஞ்சின்கள் கட்டினார்கள். நிலக்கரி வேகன்களில் வியாபாரிகளின் பெயர் எழுதியிருக்கும், மாட்டு வேகன் இரண்டு, கடைசியில் கார்டின் பிரேக் வேன்.

கைகாட்டி எந்தப் பக்கம் சாய வேண்டும்?

கிரேட் வெஸ்டர்ன் என்றால் கீழே. மற்ற கம்பெனிகள் 1920-களிலிருந்து மேல்நோக்கி உயரும் கைக்கு மாறின, இவர்கள் மட்டும் மாறவில்லை. நம் ஊர் ஸ்டேஷன்களிலும் வெகுகாலம் இறங்கும் கைகாட்டிதான் இருந்தது. "கைகாட்டி இறங்கிடுச்சு" என்றால் வண்டி வருகிறது என்று தெரிந்த தலைமுறைக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆட்களை எங்கே நிறுத்துவது?

குறைவாக. ஓடுகிற மாதிரி, கை ஆட்டுகிற மாதிரி உருவங்கள் வேண்டாம்; அவர்கள் அப்படியே உறைந்து நிற்பது கொஞ்ச நேரத்தில் உறுத்தும். பெஞ்சில் உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்த போர்ட்டர், படுத்திருக்கும் நாய். பிளாட்பாரத்தில் பால் கேன்கள். அன்றைய 17 கேலன் கேன் மேலே குறுகிக் கீழே அகன்றிருக்கும்.

எப்படி ஓட்டுவது?

மெதுவாக. கிளைப்பாதை ரயில் மணிக்கு 25 மைல் வேகம் என்றால் பலகையில் விநாடிக்கு 15 செ.மீ.தான், ஒரு மீட்டரைக் கடக்க ஏழு விநாடி. கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், நாம் எல்லாரும் இரண்டு மூன்று மடங்கு வேகமாக ஓட்டிக்கொண்டிருப்போம். காலை முதல் ரயில், பால் கேன் ஏற்றுவது, சரக்கு வண்டி வந்து நிலக்கரி வேகனை விட்டுவிட்டு காலி வேகனை எடுப்பது, சந்தை நாளில் மாட்டு வேகன்கள் என்று ஒரு நாள் அட்டவணை எழுதுங்கள். நடுவில் ரயிலே இல்லாத நேரமும் இருக்கட்டும். அந்த நேரத்தில் வயல் மட்டும் இருக்கும். அப்போதும் பார்க்க நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

ஆக்ஸ்ஃபோர்டுஷரில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பெண்டன் மியூசியம். ராய் இங்லண்ட் (Roye England) என்ற ஆஸ்திரேலியர் 1925-ல் பிரிட்டனுக்கு வந்தார். வெயில் ஆஃப் ஒயிட் ஹார்ஸ் என்ற பள்ளத்தாக்கின் பழைய வீடுகள் கண்ணெதிரே மாறிப்போவதைப் பார்த்து, அவற்றை அளந்து 4 மி.மீ. அளவில் செய்துவைக்கத் தொடங்கினார். அது வாழ்நாள் வேலையாகி, அவருக்குப் பின்னும் தொடர்கிறது. ஓலைக்கூரைக்குக் கீழே தோட்டத்தில் காய்கறிப் பாத்தி வரை இருக்கும். அதே இடத்தில் டார்ட்மூர் காட்சி ஒன்றும், ஜான் அஹெர்ன் செய்த மேடர் வேலி ரயிலும் இருக்கின்றன. ரயிலைச் சுற்றி ஒரு முழு ஊரையும் நிலத்தையும் வைக்கலாம் என்று வழிகாட்டிய முன்னோடிகளில் அவர் ஒருவர்.

டெவன் பக்கம் போனால், மேலே சொன்ன மீட்ட பாதையான சௌத் டெவன் ரயில்வேயில் ஸ்டேவர்ட்டன் ஸ்டேஷனில் இறங்குங்கள். டேப் எடுத்துப் போய் வேலிக்கம்பம் எவ்வளவு உயரம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று அளந்துகொள்ளுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயமாக இருக்கிறது. முதலில் என்ன செய்ய?

ஒரு அடிக்கு ஒரு அடி பிளைவுட் துண்டு. குறுக்கே சாய்வாக ஒரு தண்டவாளம், ஒரு பக்கம் வெட்டுப்பள்ளம், மறுபக்கம் சரிவு. வேலி ஒன்று வந்து தண்டவாளத்தில் நின்று அந்தப் பக்கம் தொடரட்டும். ஒரு கேட், ஒரு மரம். மூன்று பச்சையையும் கலந்து அதில் சோதித்துப் பாருங்கள், ஜல்லியைப் பாழாக்கிப் பாருங்கள், மரம் உயரமா என்று பாருங்கள். ஒரு வேகனை மட்டும் தண்டவாளத்தில் நிறுத்தி, கண்ணைப் பலகை மட்டத்துக்குத் தாழ்த்தி, போனில் ஒரு படம் எடுங்கள். என் முதல் துண்டு இன்னும் அலமாரிமேல் இருக்கிறது. புதுப் பச்சை வாங்கும்போதெல்லாம் அதன் ஒரு மூலையில்தான் முதலில் தூவிப் பார்க்கிறேன்.